மண்வளமும் நிலவுரிமையும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் மண்ணைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். கல்வி வயலில் இறங்கினால் என்ன நிகழும், எதனால் அது பாதி வழியில் நின்றுவிடும் என்பதற்கு அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் ஒரு சான்று இருக்கிறது. அலபாமா மாநிலத்தின் மேக்கன் கவுண்டியே அது. கவுண்டி என்பது நம் மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பிரிவு. அதன் தலைநகரான டஸ்கீகியில்தான், அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன் 1881-ஆம் ஆண்டில் கறுப்பின மக்களுக்கான கல்விக்கூடத்தைத் தொடங்கினார்.

இயற்கை அந்தப் பகுதியை வஞ்சிக்கவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 50 அங்குல மழை உண்டு. ஏழு மாத அளவுக்கு உறைபனி இல்லாத பருவம் உண்டு. ஓரிடத்தில் கனத்த களிமண். மற்றோரிடத்தில் மணற்பாங்கான நிலம். ஆயினும் தலைமுறை தலைமுறையாகப் பருத்தி ஒன்றையே பயிரிட்டதால் மண் களைத்துப் போயிற்று. வரிசைகளுக்கிடையே வெறுமையாகக் கிடந்த சரிவு நிலங்களில் பெருமழை மேல்மண்ணை அரித்துச் சென்றது. மட்கு குறைந்தது, தழைச்சத்து வற்றியது, வயல்களின் நடுவே பள்ளங்கள் விழுந்தன.

இந்நிலையில்தான் 1896-இல் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் டஸ்கீகிக்கு வந்தார். அவரும் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். வேளாண்மையில் முதுகலைப் பட்டம் பெற்றவர். 1897-இல் அங்கு ஓர் ஆய்வுப் பண்ணை அமைந்தது. விலைக்கு உரம் வாங்க வழியற்ற உழவனுக்கு எது எட்டும் என்பதே அவர் எழுப்பிய கேள்வி. சதுப்பு நிலத்தின் மட்கிய சேறும், காட்டுச் சருகும், தொழுவுரமும் காசின்றிக் கிடைக்கும் என்றார். பருத்திக்கு மாற்றாகக் காராமணி பயிரிடச் சொன்னார். அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிர் உண்ணும் உணவாக மாற்றித் தருகின்றன. சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் நிலக்கடலையையும் வளர்த்து, வயிற்றுக்கும் வழி தேடச் சொன்னார். தேய்ந்த மண்ணைத் தேற்றும் முறையை 1905-இல் சிறு வெளியீடாகவே எழுதித் தந்தார். 1906-இல், கருவிகளையும் விதைகளையும் ஏற்றிய வண்டி ஒன்று கோவேறு கழுதைகள் பூட்டிச் சிற்றூர்களுக்குப் புறப்பட்டது. கல்விக்கூடத்துக்கு வர இயலாத உழவனிடம் கல்விக்கூடமே சென்றது!

அன்பர்களே, இவ்வளவு அறிவு கிடைத்தும் அந்த மக்களின் வறுமை ஏன் முற்றிலும் ஒழியவில்லை? அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பின்னும் நிலத்தின் பெரும்பகுதி பழைய ஆண்டைகளிடமே இருந்தது. உழுதவர்களில் பெரும்பாலோர் வாரக் குடிகள். விளைச்சலில் பாதி வாரமாகப் போகும்; மீதி கடைக்காரன் கடனுக்குப் போகும். கடன் கொடுத்தவன் பருத்தியைத்தான் கேட்பான். காராமணியைக் கேட்க மாட்டான். அடுத்த ஆண்டு அதே வயலில் இருப்போமா என்று அறியாதவன் எந்த நம்பிக்கையில் அந்த மண்ணுக்கு எரு சுமப்பான்? மண்ணைத் தேற்றப் பல ஆண்டுகள் வேண்டும். அத்தனை ஆண்டுகளும் அந்த நிலம் தன் கையில் இருக்கும் என்ற உறுதி உழுபவனுக்கு வேண்டும்.

நிலம் வாங்கியவர்களும் அதைக் காப்பது எளிதாக இருக்கவில்லை. 1920-இல் அமெரிக்காவில், சொந்தமாகவும் வாரத்துக்கும் உழுத கறுப்பின உழவர் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்டவர். அந்த நூற்றாண்டின் இறுதியில் முப்பதாயிரம் பேர்கூட இல்லை. நகரங்களுக்குக் குடிபெயர்ந்தோர் பலர். கடனிலும் வரியிலும் நிலம் இழந்தோர் பலர். உயில் எழுதாமல் தந்தை இறந்தால் நிலம் பிரிக்கப்படாத பொதுச்சொத்தாக நிற்கும். ஒருவரது சிறு பங்கை அயலான் வாங்கி, நீதிமன்றத்தின் வழியே முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்துவிடுவான். கல்லாமையும் கவனக்குறைவும் சேர்ந்து நிலத்தை விழுங்கிய கதை இது.

நமக்கும் இதில் பாடம் உண்டு. டஸ்கீகியில் உழவர் மாநாடு முதன்முதலாகக் கூடியது 1892-ஆம் ஆண்டில். அதே ஆண்டில்தான், செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்கீர் அளித்த அறிக்கையின் பயனாக நம் மக்களுக்கு நிலம் ஒப்படைக்கும் ஆணை சென்னை மாகாணத்தில் பிறந்தது. பிற வகுப்பாருக்கு அந்நிலத்தை விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. ஆயினும் பஞ்சமி நிலங்களில் எவ்வளவோ கைமாறிப் போயின. நிபந்தனை தாளில் இருந்தது. தாளைப் படிக்கும் கண் நம் வீட்டில் இல்லை.

இன்று படித்த பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இளைஞர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, உங்கள் குடும்பத்துக்கு அரைக்காணி இருந்தாலும் அதன் பட்டாவை எடுத்துப் படியுங்கள். மறைந்த பாட்டனார் பெயரிலேயே அது இருக்குமானால், பெண்மக்கள் உட்பட வாரிசுகள் அனைவர் பெயருக்கும் முறைப்படி மாற்றுங்கள். இரண்டாவது, அந்த மண்ணைச் சோதியுங்கள். வரப்போரத்தையும் எருக்குவியல் கிடந்த இடத்தையும் விட்டு, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் அரையடி ஆழம் வரை மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, அரைக்கிலோ அளவு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். சத்துக் குறைவு எது, உவர் எவ்வளவு என்பதை அறிந்து பயிரிடுங்கள்.

கெட்ட மண் என்று நமக்கு ஒதுக்கப்பட்ட நிலம் கெட்டதாகவே கிடக்க வேண்டியதில்லை. ஆனால் தேற்றிய மண் நம் பிள்ளைகளுக்கே நிலைக்க வேண்டும். அதைக் காக்கும் கல்வியே முழுமையான கல்வி.