பெருமூச்சுக்கு எத்தனை புள்ளி?

(புரோசார்டில் எங்கட வாசிப்பு வட்டத்தில் பேசியது. வரமுடியாமல் போன தோழர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன். பேச்சு வழக்கை முழுக்கத் திருத்தவில்லை.)



போன முறை முதலாளித்துவமும் மனநலமும் பற்றிக் கதைத்தோம். நல்ல சத்தமான விவாதம். அது முடிஞ்சு கதிரைகளை அடுக்கும்போது மூன்று பேர் தனித்தனியாக என்னட்ட வந்து, சத்தமில்லாமல், ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "அங்க போனா என்ன கேப்பினம்?" அதனால இண்டைக்குக் கோட்பாட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, அந்த அறைக்குள்ள என்ன நடக்கும் என்று சொல்லப்போறன். நான் உளவியலாளர் இல்லை. சமூகப்பணியில் முதுகலை படிக்கிறன். நானும் ஒன்றரை வருசமா ஒருவரிட்டப் போய் வாறன். இந்த இரண்டும்தான் என் தகுதி.

முதலில் ஒரு சொல்: விசர். எங்கட வீடுகளில் மனநலத்துக்கு இருக்கிற ஒரே சொல் அதுதான். அடுத்த சொல் அங்கொடை, அது ஊர்ப்பெயர்கூட இல்லை, வசவு. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில வேற ஒன்றும் இல்லாததால, நித்திரை இல்லாத ஆளும் "எனக்கு ஒண்டும் இல்லை" என்ற பக்கத்திலதான் நிற்க வேணும். மோர்ட்டன் பைசரும் கூட இருந்த ஆய்வாளர்களும் ரொறன்ரோத் தமிழரிடையே நடத்திய கணக்கெடுப்பு 2003 இல் வந்தது. நூற்றுக்கு 12 பேருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய். அவர்களில் பத்தில் ஒருவர்தான் உதவி தேடிப் போனவர். 2009க்கு முந்திய கணக்கு இது என்பதை மறக்காதீங்கோ.

சரி, எங்க போறது? புரோசார்டில் இருக்கிறவர்களுக்கு அரச வழி சாமுவேல்-து-ஷம்ப்ளென் சி.எல்.எஸ்.சி. குடும்ப வைத்தியர் எழுதித் தரலாம், இல்லையென்றால் 811 அடித்து 2 ஐ அழுத்தினால் இன்ஃபோ-சோசியல், இரவு பகல் எந்த நேரமும் சமூகப்பணியாளர் ஒருவர் எடுப்பார். அவர் உங்கட நிலைமையைக் கேட்டு எங்க போகவேணும் என்று சொல்லுவார். காசு இல்லை; காத்திருப்பு உண்டு, மாதக்கணக்கில. தனியாரிடம் போனால் 50 நிமிடத்துக்கு நூறு டொலருக்கு மேல போகும். மாணவர் காப்புறுதி ஒரு பகுதியைத் திருப்பித் தரும், எவ்வளவு என்று முதலே பாருங்கோ. உகாம், மொன்றியல் பல்கலைக்கழகம், கொன்கோர்டியா மூன்றிலும் பயிற்சி கிளினிக்குகள் இருக்கு. மேற்பார்வையோட முனைவர் பட்ட மாணவர்கள் பார்ப்பினம், கட்டணம் குறைவு. அகதிக் கோரிக்கையாளரோ, சித்திரவதைக்கு உள்ளானவரோ என்றால் மொன்றியலில் ரிவோ என்ற வலையமைப்பைக் கேளுங்கோ, அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளரோட வேலை செய்த பழக்கம் இருக்கு.

கியூபெக்கில் 2012 யூனிலிருந்து "உளச்சிகிச்சையாளர்" என்ற பெயரைக் கண்டவர் போட ஏலாது. உளவியலாளர், மருத்துவர் தவிர்ந்தவர்களுக்கு உளவியலாளர் சங்கம் கொடுக்கும் அனுமதி வேணும். சங்கத்தின் இணையத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். இன்ஸ்டாகிராமில் "காயம் ஆற்றும் பயிற்சியாளர்" என்று எழுதியிருக்கிறவரிடம் காசைக் கட்ட முதல் இதைச் செய்யுங்கோ. பதினாலு வயதான தம்பி தங்கச்சிக்குப் பெற்றோரின் கையெழுத்துத் தேவையில்லை என்பதையும் தெரிஞ்சு வைச்சிருங்கோ.

முதல் நாள் பெரும்பாலும் ஒரு தாள் தருவினம். பி.எச்.கியூ-9. ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு கிழமையைப் பற்றி. சுழியத்திலிருந்து மூன்று வரை புள்ளி, மொத்தம் 27. பதட்டத்துக்கு இன்னொன்று, ஏழு கேள்வி. இந்தத் தாள் பைசர் மருந்துக் கம்பனியின் நிதியோட உருவானது என்று சொன்னால் இங்க எல்லாரும் சிரிப்பீங்கள் என்று தெரியும், சிரியுங்கோ. ஆனால் அது உங்களுக்கு என்ன வருத்தம் என்று தீர்ப்புச் சொல்லுற தாள் இல்லை. காய்ச்சல் பார்க்கிற கோல் மாதிரி. 18 வந்தது, மூன்று மாதத்தால 11 வந்தது, அந்த இறக்கம்தான் பயன்.

அதில் இல்லாதவையும் உண்டு. அம்மாவிடம் "கவலையா இருக்கிறீங்களோ" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவா. "யோசனையோ?" என்று கேட்டுப்பாருங்கோ. "சரியான யோசனை, நெஞ்சுக்குள்ள ஏதோ அடைக்குது, உடம்பெல்லாம் எரியுது." பெருமூச்சு விடுவா. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் வேலை செய்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இந்தப் பெருமூச்சையும் உடம்பு முறைப்பாடுகளையும் நோயின் மொழியாகவே வாசித்தவர். தாளில் பெருமூச்சுக்குப் புள்ளி இல்லை. ஆகவே புள்ளி போட்ட பிறகு, "இதில் இல்லாத ஒன்று இருக்கு" என்று நீங்களே சொல்லவேணும். அமெரிக்க நோய்ப் பகுப்பு நூலின் 2013 பதிப்பில் பண்பாட்டு நேர்காணல் என்று 16 கேள்விகள் சேர்த்திருக்கினம். உங்கட ஆட்களிடம் இந்தப் பிரச்சினையை எப்படிச் சொல்லுவீங்கள் என்பது அதில் ஒன்று. கேட்க மறந்தால் ஞாபகப்படுத்தலாம்.

கவனக்குறைவு, கற்றல் சிரமம் மாதிரியானவற்றுக்குச் செய்யிற முழு மதிப்பீடு வேற சங்கதி. பல மணிநேரச் சோதனைகள், தனியாரில் ஆயிரம் டொலரைத் தாண்டும். உங்கட வீட்டுமொழி எது, எந்த வயதில் பிரெஞ்சு தொடங்கினது என்று கேட்காமல் சொற்சோதனை வைக்கிறவரிடம் ஏன் என்று கேளுங்கோ.

அடுத்தது நேர்காணல். எப்ப தொடங்கினது, நித்திரை, சாப்பாடு, குடி, குடும்பத்தில் ஆருக்கும் இப்படி இருந்ததோ, முந்தி என்ன செய்து பார்த்தீங்கள். ஒரு மேசை, ஒரு அந்நியர், குறிப்பெடுக்கிற பேனை. எங்கட அப்பா அம்மாமார் இந்த அறையை முந்தியே கண்டிருக்கினம், அதுதான் சிக்கல். 1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கரைக்கு வெளியில இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் கண்டெடுக்கப்பட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று முதலில் சொன்னார்கள், மேற்கு ஜேர்மனியிலிருந்து வந்தது பிறகு தெரிஞ்சது, அந்த ஒரு முரணைப் பிடிச்சுக்கொண்டு பத்திரிகைகள் ஆடின ஆட்டம் கொஞ்சமில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவருக்கும் பாடம் அதுதான்: கதை மாறக்கூடாது, திகதி பிழைக்கக்கூடாது, ஒருக்கா அழுதால் போதும், இரண்டு தரம் அழுதால் நடிப்பு.

நாங்கள் அந்தப் பாடத்தைப் பாலோட குடிச்சவர்கள். நான் முதல் மூன்று சந்திப்பும் வக்கீலுக்குச் சொல்லுற மாதிரி, ஆண்டு வாரியாக, ஒரு பிசிறில்லாமல் சொன்னேன். அவர் குறிப்பெடுக்கிறதை நிறுத்திவிட்டு, "இதை யாருக்காக இவ்வளவு ஒழுங்காக்கி வைத்திருக்கிறீங்கள்?" என்று கேட்டார். அந்த அறையில் கதை முன்னுக்குப் பின் இருக்கலாம். "தெரியாது" சொல்லலாம். "இதை இண்டைக்குச் சொல்ல விருப்பமில்லை" என்பது முழுமையான பதில்.

தற்கொலை பற்றிக் கட்டாயம் கேட்பினம், நேரடியாகவே. கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது பிழையான பயம். "ஓம், அப்படி நினைப்பு வாறது" என்று சொன்னவுடன் அம்புலன்ஸ் வராது. திட்டம் இருக்கா, நாள் குறிச்சதோ, கையில் என்ன இருக்கு என்று மேலும் கேட்பினம். ஆபத்து பாரதூரமாகவும் உடனடியாகவும் இருந்தால் மட்டுமே, நீதிமன்றத்துக்குப் போகாமல் 72 மணிநேரம் வரை மருத்துவமனையில் மறித்து வைக்கச் சட்டம் விடுகிறது. இரகசியமும் இப்படித்தான்: உயிராபத்து, சிறுவர் பாதுகாப்பு, நீதிமன்ற ஆணை இந்த மூன்றுக்கும் வெளியில நீங்கள் சொன்னது வெளியே போகாது. இமிக்ரேசனுக்குத் தானாகப் போகிற குழாய் ஒன்றும் இல்லை. ஆனால் ஆயுள் காப்புறுதி விண்ணப்பத்தில் சிகிச்சை எடுத்தீங்களோ என்ற கேள்வி வரும், அது உண்மை. உங்கட கோப்பைப் பார்க்கிற உரிமையும் உங்களுக்கு உண்டு. இரவில தாங்கேலாமல் இருந்தால் கியூபெக்கில் 1 866 277-3553, நாடு முழுக்க 988.

இப்ப அம்மாமாரின் விசயம். போன வருசம் என் அம்மா ஒரு மதிப்பீட்டுக்குப் போகவேண்டி வந்தது, என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். மாட்டன் என்றேன். எட்டு வயதிலிருந்து வரித் தாள், வீட்டுச் சொந்தக்காரன், பள்ளிக்கூடக் கூட்டம் எல்லாத்துக்கும் மொழிபெயர்த்த பிள்ளை இதுக்கு மாட்டன் என்றதும் அம்மாவுக்குக் கோபம். ஆனால் 1987 இல் என்ன நடந்தது என்று பிள்ளையின் வாயால பிரெஞ்சில் சொல்ல வைக்கிற தாய் உண்மையைச் சொல்லுவாவோ? வடிகட்டித்தான் சொல்லுவா. வடிகட்டாமல் சொன்னால், அதை நான் என்ன செய்யிறது? சுகாதார வலையமைப்பில் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், திகதி எடுக்கும்போதே கேட்க வேணும். அடுத்த பயம்: "வாறவள் கோயிலில் சொல்லிப்போடுவாள்." நியாயமான பயம், கோயில் சின்னது. தொலைபேசியில், வேற ஊரில இருக்கிற ஒருவரைக் கேளுங்கோ. அம்மாவுக்கு வந்த குரல் மட்டக்களப்புக் குரல். வெளியில வந்து, "நல்ல பிள்ளை, இடையில குறுக்கிடேல்லை" என்றா. வேறொன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சிகிச்சை அரசியலைத் தனிமனிதப் பிரச்சினையாகச் சுருக்குது என்று எங்கட வட்டத்தில் அடிக்கடி சொல்லுறோம். பல இடத்தில் அது உண்மை. வேலைத்தளம் உடைத்த மனிதனுக்கு மூச்சுப்பயிற்சி செயலியைக் கொடுக்கிறதை நான் சிகிச்சை என்று சொல்லமாட்டன். ஆனால் ஃபனோனை மேற்கோள் காட்டுகிறவர்கள் அவர் செய்த வேலையையும் பார்க்க வேணும். 1953 இல் பிளிடா மருத்துவமனைக்குப் போனார், 1956 இல் அந்தக் காலனிய மருத்துவம் ஏலாது என்று விலகினார். விலகி உளமருத்துவத்தை விடவில்லை. தூனிசில் பகல்நேர மருத்துவமனை நடத்தினார்.

எனக்கு இன்னும் பிடிச்ச கதை சிலி. பினோசே காலம். தேவாலயங்களின் நிழலில் மனித உரிமை அமைப்புகள் இயங்கின. சித்திரவதையிலிருந்து வந்தவர்களிடம் உளவியலாளர்கள் சாட்சியத்தைப் பதிவு செய்தார்கள், எழுதினார்கள், அவர்களோட சேர்ந்து திருத்தினார்கள். முதலில் அது ஆட்சிக்கு எதிரான ஆவணம். சொன்னவர்களுக்கு நித்திரை திரும்பத் தொடங்கினது பிறகுதான் கவனிக்கப்பட்டது. இரண்டு பெண் உளவியலாளர்கள் 1983 இல் இதைப் பற்றி வெளியிட்டார்கள், புனைபெயரில், ஏனென்றால் சர்வாதிகாரம் அப்பவும் இருந்தது.

அந்தச் சாட்சிய முறை, ஜேர்மனியில் நினைவுகளை நேரே சந்திக்கும் சிகிச்சையோட சேர்ந்து, கதைவழிச் சிகிச்சையாக வளர்ந்தது. நிலத்தில் ஒரு கயிற்றை விரிப்பினம், அது உங்கட வாழ்க்கை. நல்ல நிகழ்வுக்குப் பூ, கெட்டதுக்குக் கல். பிறப்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கல்லிலும் நின்று, என்ன மணம் வந்தது, கை எப்படி இருந்தது என்று மெதுவாகக் கதைப்பீங்கள். சிகிச்சையாளர் எழுதுவார். முடிவில் அந்த எழுத்து உங்கட கையில். வைத்திருக்கலாம், ஒரு மனித உரிமை ஆவணமாகவும் கொடுக்கலாம். சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில், போரையும் கண்ட 31 பிள்ளைகளுக்கு, உள்ளூர் உளவளத்துணையாளர்கள் ஆறு அமர்வு நடத்தினார்கள். பாதிப் பேருக்குக் கதைவழி, மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். 2009 இல் முடிவு வந்தது: இரண்டு பக்கமும் நல்லாகத் தேறினார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. நான் இதை வாசித்தபோது முதலில் ஏமாற்றம், என் கட்சி தோற்ற மாதிரி. பிறகு யோசித்தால் நல்ல செய்தி. கல்லைத் தொட விரும்பாத அப்பாவுக்கும் வழி இருக்கு.

இங்க கிடைக்கிறது பெரும்பாலும் சிந்தனை-நடத்தைச் சிகிச்சை. பன்னிரண்டு, பதினாறு சந்திப்பு, வீட்டுப்பாடம் உண்டு, அலுப்பாக இருக்கும், வேலை செய்யும். இடையில சில கிழமை முந்தியதைவிட மோசமாக இருக்கலாம், அது வழமை. ஆனால் உங்களுக்கு முள்ளிவாய்க்காலை ஒவ்வொரு முறையும் புதிதாக விளக்க வேண்டியிருந்தால், அல்லது அவர் உங்கட அரசியலையே நோயின் அறிகுறியாகப் பார்த்தால், மாற்றுங்கோ. மூன்று சந்திப்பு பார்த்து முடிவெடுங்கோ, காரணம் சொல்லக் கடமையில்லை.

ஒரு வேண்டுகோள். பலருக்குக் கிடைக்கிற நேரம் புதன், வியாழன் மாலை, எங்கட கூட்டமும் அப்பதான். கூட்டத்தை ஞாயிறுக்கு மாற்றுவோம். வராதவரை ஏன் என்று குழுவில கேட்க வேண்டாம். ஆருக்கும் பனாமா நிலையத்திலிருந்து கார் தேவை என்றால் எனக்குத் தனியாக எழுதுங்கோ. எங்க போறீங்கள் என்று கேட்கமாட்டன்.