குருவிக்கு ஒரு பந்தி
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

தத்துவம் உரைக்க வல்ல சான்றோர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். எனக்கு அளிக்கப்பட்ட சிறுபொழுதில் ஒரு மரப்பெட்டியைப் பற்றி மட்டும் பேச விழைகிறேன்.

விழுப்புரம் கடைவீதியில் 300 ரூபாய்க்கு வாங்கிய, பறவைகளுக்குத் தீனி வைக்கும் பெட்டி அது. மெல்லிய பலகைகள், சிறு கூரை, தொங்கவிட ஒரு கயிறு, அவ்வளவே. அதை அழகுபடுத்த எண்ணி, உள்ளும் புறமும் பளபளக்கும் எனாமல் சாயம் பூசித் திண்டிவனத்தில் எங்கள் வீட்டு வேப்பமரத்தில் கட்டினேன். பேத்தி கைகொட்டி மகிழ்ந்தாள். குருவிகள்தாம் வரவில்லை. சாயத்தின் வாடை அடங்கிச் சில மாதங்கள் சென்றபின்னரே ஒவ்வொன்றாய் வந்தமர்ந்தன.

2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் ஊர்களெல்லாம் நீரில் தத்தளித்த அந்நாட்களில் பெட்டியை நான் எட்டியும் பார்க்கவில்லை. அடிப்பலகையில் நீர் வடியத் துளை இல்லை. கம்பு ஊறிப் பூசணம் பிடித்துவிட்டது. பசியோடு வந்த பறவைகள் அதையே கொத்தியிருக்கின்றன. மழை ஓய்ந்து சென்று பார்த்தபோது, மரத்தடியில் இரண்டு சிட்டுக்குருவிகள் இறந்து கிடந்தன. புயல்தான் கொன்றது என்று அண்டை வீட்டார் ஆறுதல் கூறினர். என் மனம் அதை ஏற்கவில்லை. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில், சோர்வுடைய மனமொழிமெய்களால் உயிர்க்கு ஊறு செய்வதையே இம்சை என வரையறுக்கிறார். கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை, சோர்வு இருந்தது.

பிறகுதான் அந்தப் பெட்டியைத் திருத்தத் தொடங்கினேன். உப்புத்தாளால் தேய்த்துச் சாயம் முழுவதையும் நீக்க இரண்டு நாள் ஆயிற்று. தூள் மண்ணில் சிந்தாதிருக்கக் கீழே செய்தித்தாள் விரித்துக்கொண்டேன். அடிப்பலகையில், கம்புமணி நழுவாத அளவில் ஆறு துளைகள் இட்டேன். உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஆணிமுனைகளை மடக்கினேன். நம் பக்கத்தில் பனையோலைக்குப் பஞ்சமில்லை. சாரல் புகாதவாறு கூரையின் நான்கு புறமும் நான்கு விரல் வெளியே நீளும்படி ஓலை வேய்ந்தேன். வெளிப்புறத்தில் மட்டும் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, வாடை நீங்கும்வரை வெயிலில் வைத்தேன். உட்புறம் வெறும் மரமே. இப்பொழுது பார்ப்பதற்கு ஒரு சிறு குடிசைபோல் இருக்கிறது. கடையில் வாங்கியபோது இருந்ததைவிட அழகு என்றே சொல்வேன்; பேத்தி இன்னும் உடன்படவில்லை.

அறுவடை முடிந்ததும் நெற்கதிர்களைக் கொத்தாய்ப் பின்னி முற்றத்தில் தொங்கவிட்ட நம் முன்னோர்க்கு இத்தனை பாடு இல்லை. காற்றும் வெயிலும் படும் கதிரில் நீர் தேங்குவதில்லை. குஜராத்தின் அகமதாபாத்தில், பழைய தெருக்களின் நடுவே, செதுக்கு வேலைப்பாடுள்ள மரத்தூண்களின்மேல் பறவைகளுக்கெனத் தீனி மாடங்கள் அமைத்தனர். அவற்றைச் சபூத்ரா என்பர். தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே, திகம்பர ஜைனரின் லால் மந்திர் வளாகத்தில் பறவைகளுக்கென்றே மருத்துவமனை நடைபெறுகிறது. நம்மிடம் இருப்பதோ ஒரு 300 ரூபாய்ப் பெட்டி. அதையாவது செம்மையாக வைத்திருக்கலாம் அன்றோ?

ஒன்றை மட்டும் சற்று அழுத்திக் கூற வேண்டும். தீனிக்கு எறும்பு வருகிறதென்று மரத்தைச் சுற்றி எறும்புச் சாக்கட்டியால் கோடு இழுக்கும் வழக்கத்தை நம் வீடுகளிலேயே கண்டேன். ஓருயிர்க்குப் பந்தி வைத்து மற்றோர் உயிர்க்கு நஞ்சு வைப்பது என்ன கணக்கு? மரத்தடியில் எறும்புக்கென ஒரு பிடி நொய்யரிசி தூவுங்கள். பெட்டியில் ஒரு நாளைக்குப் போதுமான அளவே கம்போ தினையோ இடுங்கள்; உப்பிட்ட தின்பண்டம் வேண்டா. எஞ்சியதை மாலையில் எடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை பெட்டியைக் கழுவி வெயிலில் காயவையுங்கள். இந்தச் சித்திரை வெயிலில், அருகே ஓர் அகன்ற மண்தட்டில் ஆழமின்றி நீரும் வையுங்கள். பூனை பதுங்க இடமில்லாத இடமாகப் பாருங்கள்.

வரும் ஞாயிறு காலை, இம்மண்டபத்தின் பின்புறத்தில் பத்துப் பெட்டிகளைத் திருத்த இருக்கிறோம். உப்புத்தாளும் ஓலையும் நாங்கள் தருவோம். பிள்ளைகளை அழைத்து வாருங்கள். எனாமல் டப்பாவை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.