மசோதாவைக் கேள்வி கேட்க ஆள் வேண்டும்

(சங்கக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாடாளுமன்றத்தில் ஒரு சட்டப் பிரிவை நீக்கினால் நம் வெட்டுக்காட்டில் என்ன நடக்கும்? இன்று நாம் பேச வந்தது அதைத்தான்.

1955ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தில் 34ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஆலை வேலையிலும் விவசாய வேலையிலும் பெண்களை இரவு 10 மணி முதல் விடியற்காலை 5 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்றது அது. 2022இல் சட்டத்தைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து அது இல்லை. அதே திருத்தத்தில்தான் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. தகப்பனுக்கும் 7 நாள் கிடைத்தது. நல்ல காரியங்கள், மறுக்கவில்லை. 34ஆம் பிரிவை எடுத்ததே தவறென்றும் நாம் சொல்ல வரவில்லை. ஆலையில் இரவு ஷிப்டுக்குப் போய் நாலு காசு கூடச் சம்பாதிக்க நினைத்த பெண்ணுக்கு அது முட்டுக்கட்டையாகவும் இருந்தது.

ஆனால் பால்வெட்டு வேறு. வெயிலேறும் முன்னர்தான் பால் நன்றாக இறங்கும். நாளைக்குப் பிரட்டை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினால்? நெற்றி விளக்கோடு தனியே நிரைக்குப் போகும் பெண்ணுக்கு யார் துணை? அந்நேரம் ஆயாக்கொட்டகை திறந்திருக்குமா? கைக்குழந்தையை யாரிடம் விடுவாள்? ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல்லில் எழுதிய சட்டம் இருவர் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை, தோழர்களே! மசோதா நிறைவேறுமுன் இவற்றைக் கேட்க வேண்டும்.

கேட்பது யார்? மக்களவை இடங்கள் 222. 2022 தேர்தலில் பெண்கள் வென்றது அதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. மசோதாவைக் கொண்டுவருகிற அரசாங்கமே அதற்கு விளக்கமும் எழுதுகிறது. கணக்கு எழுதியவனே கணக்கைச் சரிபார்த்தால் எப்படி இருக்கும் என்பது கிராணிமாருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே நாடாளுமன்றத்திற்கென்று சொந்த ஆராய்ச்சியாளர் வேண்டும். நாடாளுமன்றம் தன் ஊழியர்களைத் தானே நிர்வகிக்க 1963இல் ஒரு சட்டம் இருந்தது. 1992இல் ரத்துச் செய்தார்கள். 2025 மார்ச்சில் அதற்கான புதிய மசோதாவை மக்களவை நிறைவேற்றியது. முப்பது வருஷம் சும்மா போயிற்று!

ஆராய்ச்சிக்கு எத்தனை பேர்? தோட்ட வேலை தெரிந்தவர் அவர்களில் உண்டா? ஒவ்வொரு மசோதாவோடும் ‘பெண்ணுக்கு என்ன, ஆணுக்கு என்ன’ என்ற குறிப்பு வருமா? நம் தொகுதி உறுப்பினரிடம் இதைக் கேட்போம்.

வெறுங்கையோடு போக வேண்டாம். கிராணிமார்களே, செக்ரோல் உங்கள் கையில் இருக்கிறது. பிரட்டு நேரம், வெட்டுக்குப் போகும் பெண்கள் எத்தனை பேர், பிரசவ விடுமுறை முழுதும் எடுத்தவர் எத்தனை பேர் என்று, பெயர் போடாமல், எண்ணை மட்டும் எழுதுங்கள். ஆயாக்கொட்டகை எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதைத் தாய்மார்கள் சொல்லட்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் கிளைச் செயலாளரிடம் சேர்த்துவிடுங்கள்.