பழைய சாஃப்ட்வேர் மாறட்டும்; சிறு வணிகரின் கணக்கு அழியக் கூடாது!

(வணிகர் அணிக் கலந்தாய்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கட்சிக் கூட்டத்துல சாஃப்ட்வேர் பத்தி என்ன பேச்சுன்னு சிலர் நினைக்கலாம். அரிசி மண்டி, ஜவுளிக்கடை, லாரி புக்கிங் ஆபீஸ் எங்கே போனாலும் கல்லாவுக்குப் பக்கத்துல ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கும். கருப்புத் திரை, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். இருபது வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒரு தம்பி ஃபாக்ஸ்புரோவில் எழுதிக் கொடுத்த பில்லிங் புரோகிராம். அந்தத் தம்பி இப்போ எங்கே இருக்கார்னு தெரியாது. சோர்ஸ் கோடும் கையில் இல்லை. ஆனா அந்தக் கடையின் உயிரே அதுக்குள்ளதான் இருக்கு.

நல்லாத்தானே ஓடுது, ஏன் மாத்தணும்? நியாயமான கேள்விதான். ஆனா கதவுகள் ஒவ்வொண்ணா மூடுது. விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. இப்போ விற்கிற 64 பிட் விண்டோஸ் கம்ப்யூட்டரில் பழைய டாஸ் புரோகிராம் நேரடியாக ஓடாது. இதுக்கு மேல ஜிஎஸ்டி. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் வந்த இ-இன்வாய்ஸ், 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயம். மூணு வருஷம்கூட ஆகலை, 500 அஞ்சாச்சு!

தமிழில் பெயர் ஏற்றி வைத்த கடைகளுக்கு இன்னொரு கண்டம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியீட்டில் இருந்தன. அதை மாற்றாமல் தகவலை அப்படியே கொண்டுபோனா, முருகேசன் பெயர் புரியாத ஆங்கில எழுத்தா வந்து நிக்கும். முருகேசன் தரவேண்டிய பாக்கியை யாரிடம் கேட்பது?

அவசரப்பட்டா என்ன ஆகும்? 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி, சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர் கணக்குகளை ஒரே வார இறுதியில் புதிய தளத்துக்கு மாற்றியது. லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்கையே பார்க்க முடியாமல் தவித்தார்கள். 2022இல் வங்கிக்கு விழுந்த அபராதம் சுமார் 4.86 கோடி பவுண்டு. நம்ம நாட்டிலும் 2021 ஜூன் 7 அன்று வந்த புதிய வருமான வரித் தளம் மாதக்கணக்கில் திணறியதை மறக்க முடியுமா? நிதியமைச்சரே அதைக் கட்டிய நிறுவனத்தின் தலைமை அதிகாரியை அழைத்து விளக்கம் கேட்டார்.

வங்கியும் அரசும் விழுந்தா தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கு. நம்ம மளிகைக்கடை அண்ணாச்சிக்கு யார் இருக்கா?

அதனால வணிகர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல்ல பழைய தகவலை இரண்டு பிரதி எடுங்க. ஃபாக்ஸ்புரோவின் டிபிஎஃப் கோப்பை லிப்ரே ஆபிஸ் இன்னைக்கும் திறக்கும், அது இலவசம். கமிஷன், கூலி, தவணை எப்படிக் கணக்காகுதுன்னு தாளில் எழுதுங்க. அதெல்லாம் பழைய புரோகிராமுக்கு மட்டுமே தெரிஞ்ச ரகசியமா இருக்கக் கூடாது. ஒரு மாதமாவது பழசும் புதுசும் சேர்ந்து ஓடட்டும். இரண்டிலும் இருப்பும் பாக்கியும் ஒத்துப்போன பிறகே பழசை நிறுத்துங்க. அப்பவும் தூக்கிப் போடாதீங்க. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு அறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்கைப் பாதுகாக்கணும்.

அரசுகளிடம் நம் கோரிக்கைகள் மூன்று:

1. வரி விதியை மாற்றும்போது, சிறு வணிகர் சாஃப்ட்வேரை மாற்றிக்கொள்ளப் போதுமான அவகாசம் வேண்டும்.

2. ஒவ்வொரு மாவட்டத் தொழில் மையத்திலும் தகவல் மாற்றத்துக்கும் யூனிகோடு மாற்றத்துக்கும் இலவச உதவி மேசை வேண்டும்.

3. எந்த சாஃப்ட்வேர் நிறுவனமாக இருந்தாலும், வணிகர் கேட்டால் அவருடைய முழுத் தகவலையும் எல்லா நிரலிலும் திறக்கக்கூடிய வடிவில் திருப்பித் தரவேண்டும். இது சட்டமாகணும்.

மூணாவதுதான் முக்கியம். சாஃப்ட்வேர் அவங்களுடையதா இருக்கலாம், கணக்கு நம்முடையது. வருஷ வாடகையைக் கட்டலைன்னா நம்ம பேரேட்டையே பூட்டி வைக்கிற நிலைமை வரக் கூடாது.

கணினி தெரிந்த நம் பிள்ளைகள், உங்க தெருவில் ஒரே ஒரு கடைக்காவது போய் அந்தப் பிரதியை எடுத்துக் கொடுங்க. கட்சிப் பணி அங்கேயிருந்து தொடங்கட்டும்.



#கணக்கு_நம்முடையது #சிறுவணிகம்_காப்போம்