பிரயாணியின் உணவும் ஆரோக்கியமும்

 

புகழனைத்தும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தானது. ஸலவாத்தும் ஸலாமும் எங்கள் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

இன்றைய உரையில், நாம் அடிக்கடி மேற்கொள்ளும், ஆனால் மார்க்கக் கண்கொண்டு அரிதாகவே நோக்கும் ஒரு விடயத்தைப் பற்றிச் சிந்திப்போம். அதுதான் பிரயாணத்தின்போது நாம் உண்பதும் அருந்துவதும் ஆகும்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் நாம் பிரயாணம் செய்யாமல் இருக்க முடியாதவர்கள். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் இருந்து வியாபாரத்திற்காகக் கொழும்புக்குச் செல்கிறோம். சிகிச்சைக்காகக் கண்டிக்கும் மஹரகமவுக்கும் செல்கிறோம். வெளிநாடு செல்லும் பிள்ளையை வழியனுப்பக் கட்டுநாயக்கவுக்குச் செல்கிறோம். கொழும்பு இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். பகல் முழுவதும் அல்லது இரவு முழுவதும் பாதையிலேயே கழிகிறது. இந்தப் பிரயாணங்கள் முடிந்து வீடு திரும்பியதும் வயிற்றோட்டம், வாந்தி, காய்ச்சல் என்று பிள்ளைகள் படுத்துவிடுவதை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! அதனை ‘பயணக் களைப்பு’ என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அதில் பெரும்பகுதி களைப்பு அல்ல. நாம் உண்ட உணவும் குடித்த நீருமே காரணம்.

சகோதரர்களே! பிரயாணம் உடலை வருத்தும் ஒன்று என்பதை இஸ்லாம் மறைக்கவில்லை. பிரயாணம் வேதனையின் ஒரு பகுதி என்றும், அது மனிதனின் உறக்கத்தையும் உணவையும் பானத்தையும் தடுத்துவிடுகிறது என்றும், எனவே வந்த காரியம் முடிந்தவுடன் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்ப வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி ஸஹீஹுல் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. இதனால்தான் நான்கு ரக்அத் தொழுகைகள் இரண்டாகச் சுருக்கப்பட்டன. ரமழான் நோன்பைப் பிறகு நோற்கச் சலுகை வழங்கப்பட்டது. ஒரு பிரயாணத்தில் மக்கள் ஒருவரைச் சூழ்ந்து நின்று நிழல் கொடுத்துக் கொண்டிருப்பதை நபியவர்கள் கண்டார்கள். அவர் நோன்பாளி என்று கூறப்பட்டபோது, பிரயாணத்தில் இவ்வாறு நோன்பு நோற்பது நன்மையில் சேராது என்று தெளிவுபடுத்தினார்கள். கட்டாயக் கடமைகளையே பிரயாணியின் உடலுக்காக இலகுவாக்கிய மார்க்கம், அந்த உடலை நாம் அலட்சியம் செய்வதை எவ்வாறு விரும்பும்?

இனி, முதலாவது பழக்கத்துக்கு வருவோம். கட்டுச்சாதம் கொண்டு செல்லுங்கள்.

யெமன் நாட்டவரில் சிலர் கையில் உணவெதுவும் இன்றி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, ‘நாங்கள் தவக்குல் வைத்தவர்கள்’ என்று கூறிக்கொண்டு வந்தார்கள். மக்காவை அடைந்ததும் மக்களிடம் யாசித்தார்கள். வழித்துணை உணவைத் தயார் செய்து கொள்ளுமாறு கட்டளையிடும் ஸூறத்துல் பகராவின் 197 ஆவது வசனம் இவர்கள் விடயத்தில் இறங்கியதாக இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கட்டுச்சாதங்களில் சிறந்தது தக்வாவே என்று அதே வசனம் போதிக்கிறது. ஆனால், தக்வாவைச் சொல்லிச் சோற்றுப் பையை வீட்டிலேயே விட்டுச் செல்லுமாறு அது கூறவில்லை.

ஹிஜ்ரத்தை நினைத்துப் பாருங்கள். எதிரிகள் தேடிக்கொண்டிருந்த அந்த ஆபத்தான வேளையிலும் அபூபக்ர் (ரழி) அவர்களின் வீட்டில் பிரயாண உணவு தயாரானது. உணவுப் பையைக் கட்டுவதற்குக் கயிறு இல்லாதபோது, அஸ்மா (ரழி) அவர்கள் தமது இடுப்புத் துணியை இரண்டாகக் கிழித்துக் கட்டினார்கள். ‘இரு இடுப்புத் துணிகளுக்கு உரியவர்’ என்ற சிறப்புப் பெயர் ஒரு கட்டுச்சாதப் பையினால் அவர்களுக்குக் கிடைத்தது. பிரயாணம் போகும் கணவனுக்கும் பிள்ளைக்கும் அதிகாலையில் எழுந்து உணவு கட்டிக் கொடுக்கும் எமது தாய்மாரே! நீங்கள் செய்வது எவ்வளவு கண்ணியமான பணி என்பதை உணருங்கள்.

அவ்வாறாயின் எதைக் கொண்டு செல்வது? கைபர் செல்லும் வழியில் ஸஹ்பா எனும் இடத்தில் நபியவர்கள் உணவு கேட்டபோது, வறுத்து இடித்த மாவாகிய ஸவீக் மாத்திரமே இருந்தது. அதனை நீரில் குழைத்து உண்டு, வாய் கொப்பளித்துத் தொழுதார்கள். இங்கே ஓர் அழகிய படிப்பினை உண்டு. பிரயாண உணவு ஈரப்பசை குறைந்ததாக, எளிதில் பழுதாகாததாக இருக்க வேண்டும். பேரீச்சம்பழம், வறுத்த நிலக்கடலை, மரமுந்திரிகைப் பருப்பு, வாழைப்பழம், தோடம்பழம், குரக்கன் ரொட்டி போன்றவை நம் ஸவீக் என்று சொல்லலாம். அவித்த கடலை, கௌபி போன்றவற்றைக் கொண்டு சென்றால் முதல் சில மணி நேரத்திலேயே உண்டு விடுங்கள்.

சோறு கட்டுவதானால் ஒரு விடயத்தை அறிந்து கொள்ளுங்கள். சோற்றில் வளரும் பசிலஸ் சீரியஸ் எனும் பக்டீரியாவின் வித்துக்கள் சமைக்கும் சூட்டிலும் இறப்பதில்லை. சமைத்த சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் இருக்கும்போது அவை பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. சமைத்த உணவைச் சாதாரண வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைக்கக் கூடாது என்றும், சூடாக வைப்பதானால் 60 பாகை செல்சியஸுக்கு மேல் வைக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே ஸுபஹுக்குக் கட்டிய புரியாணியைப் பகல் இரண்டு மணிக்கு ஹபரணையில் அவிழ்ப்பது புத்திசாலித்தனம் அல்ல. சோற்றைக் காலை உணவாகவே முடித்துவிட்டு, பகலுக்கு உலர்ந்த உணவையும் பழங்களையும் வைத்துக் கொள்ளுங்கள். பொதி கட்டும் பொலித்தீன் தாள்கள் நம் நாட்டில் 2017 செப்டெம்பரில் தடை செய்யப்பட்டன. நெருப்பில் வாட்டிய வாழையிலை இருக்கும்போது அந்தத் தாளுக்கு என்ன தேவை?

கொழும்பிலுள்ள உறவினருக்கு வாவி இறாலும் கடல் மீனும் கொண்டு செல்வது நம் ஊர் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால், போதிய ஐஸ் இல்லாமல் கொண்டு செல்லப்படும் சூரை போன்ற மீன்களில் ஹிஸ்டமின் எனும் பொருள் உருவாகி, உண்டவருக்கு முகம் சிவந்து, உடல் அரித்து, வாந்தி ஏற்படக் கூடும். எவ்வளவு சமைத்தாலும் அது நீங்காது. மீனை ஐஸுக்குள் புதைத்து வையுங்கள். அந்தப் பெட்டியையும் நீங்கள் உண்ணும் உணவுப் பையையும் ஒன்றாக வைக்காதீர்கள். அன்பளிப்பாகக் கொண்டு செல்வது நோயாகிவிடக் கூடாது.

இரண்டாவது பழக்கம், வெளியில் உண்ண நேர்ந்தால் தேர்ந்தெடுத்து உண்ணுவதாகும். குகைவாசிகளான வாலிபர்கள் நெடுந்துயில் கலைந்து எழுந்ததும், தம்மில் ஒருவரை வெள்ளி நாணயத்துடன் நகருக்கு அனுப்பினார்கள். எந்த உணவு மிகத் தூய்மையானது என்று பார்த்து வாங்கி வருமாறு சொல்லி அனுப்பியதை ஸூறத்துல் கஹ்பின் 19 ஆவது வசனம் கூறுகிறது. வாலிபர்களே, கவனியுங்கள்! கடும் பசியிலும் உயிர் அச்சத்திலும் இருந்த அந்த இளைஞர்கள் கிடைத்ததை உண்போம் என்று எண்ணவில்லை. தூய்மை என்பது ஹலாலையும் குறிக்கும், சுத்தத்தையும் குறிக்கும். கடையின் பெயரில் ‘முஸ்லிம் ஹோட்டல்’ என்று இருப்பதை மட்டும் பார்க்காமல், உணவு மூடப்பட்டிருக்கிறதா, ஆவி பறக்கச் சூடாகத் தருகிறார்களா, காசு வாங்கிய கையாலேயே ரொட்டியை எடுக்கிறார்களா என்றும் பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் காலையிலிருந்து கிடக்கும் ரோல்ஸை விட, கண்ணெதிரே சுட்டுத் தரும் ரொட்டி மேலானது.

உணவுக்கடை நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. ஈரமானதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். நேற்றைய கறியை இன்றைய கறியோடு கலந்து, திரும்பி வந்து முறையிட முடியாத பிரயாணிக்கு விற்பவர் இந்த எச்சரிக்கையை அஞ்சிக் கொள்ளட்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கண்ணிலிருந்து தப்பலாம். அல்லாஹ்வின் பார்வையிலிருந்து தப்ப முடியாது.

மூன்றாவது பழக்கம், நீர் அருந்துவதாகும். கொதித்தாறிய நீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். தோல் துருத்தியில் வாய் வைத்துக் குடிப்பதையும், பாத்திரத்திற்குள் மூச்சு விடுவதையும் நபியவர்கள் தடுத்துள்ளார்கள். வேன் ஒன்றில் பத்துப் பேர் ஒரே போத்தலில் மாறி மாறி வாய் வைத்துக் குடிக்கும் காட்சியை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சிறு கோப்பையில் ஊற்றிக் குடிப்பது ஸுன்னத்தும் ஆகும், சுகாதாரமும் ஆகும்.

பிள்ளைகள் தாகத்திற்கு இனிப்புச் சோடாவைக் கேட்பார்கள். 2016 ஓகஸ்ட் முதல் நம் நாட்டில் பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீடு இடப்படுகிறது. சிவப்பு நிறமென்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி உண்டு என்பது பொருள். அத்தகைய 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் ஏறத்தாழ பதினொரு தேக்கரண்டி சீனி இருக்கும். பெற்றோரே, ஒரு கோப்பைத் தேநீரில் பதினொரு கரண்டி சீனி போட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பீர்களா? பாதையோரம் இளநீர் இருக்கிறது. வெட்டியவுடன் குடிக்கலாம், வெளிக் கை படுவதில்லை.

இங்கே மனம் வருந்தும் ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். எமது பெண்களில் பலர் பிரயாணத்தின்போது நீரே குடிப்பதில்லை. காரணம், வழியில் கண்ணியமாக ஒதுங்க ஓர் இடம் கிடைக்காது என்ற அச்சம். காலையிலிருந்து மாலை வரை நீர் அருந்தாமலும் சிறுநீரை அடக்கியும் இருப்பதால் சிறுநீர்த் தொற்று ஏற்படுகிறது. கர்ப்பிணிகளுக்கு இது மேலும் ஆபத்தானது. இதனைப் பெண்களின் பிரச்சினை என்று ஆண்கள் ஒதுக்கிவிட முடியாது. வாகனத்தை எங்கே நிறுத்துவது என்பதைத் தீர்மானிப்பவர்கள் நாமே. பிரதான வீதிகளில் உள்ள பள்ளிவாசல் நிருவாகிகளே! தேவைக்கு மிஞ்சிய நீரை வழிப்போக்கனுக்கு மறுத்தவனை மறுமையில் அல்லாஹ் பார்க்கமாட்டான் என்ற நபிமொழியை நீங்கள் அறிவீர்கள். பெண்களுக்கென ஒரு சுத்தமான கழிவறை, பூட்டக்கூடிய கதவு, குடிநீர்க் குழாய், மின்குமிழ் ஆகிய நான்கும் இருந்தால், எத்தனை தாய்மாரின் துஆ உங்களுக்குக் கிடைக்கும்! மினாராவை உயர்த்த நிதி சேர்க்கும் நாம் இதற்கும் ஒரு பங்கை ஒதுக்கலாகாதா?

நான்காவது பழக்கம், குறைவாக உண்பதாகும். வயிற்றில் மூன்றில் ஒன்று உணவுக்கும், ஒன்று நீருக்கும், ஒன்று மூச்சுக்கும் என்ற நபிவழி பிரயாணத்தில் இன்னும் அவசியமானது. குறிப்பாக வாகனம் ஓட்டுபவர் வயிறு நிறைய உண்டுவிட்டு இரவில் ஓட்டினால் கண் சொருகும். விமான நிலையத்தில் ஒருவரை வரவேற்றுவிட்டு, சந்தோஷத்தில் நன்றாகச் சாப்பிட்டு, விடியுமுன் ஊர் சேர வேண்டும் என்று விரையும் வேன்களை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. இரவில் தங்குவதாயின் பாதையை விட்டு விலகித் தங்குமாறு நபியவர்கள் கற்பித்துள்ளார்கள். சாரதிக்குத் தூக்கம் வந்தால் தேநீர் கொடுத்து ஓட்டச் சொல்லாதீர்கள். ஓரிடத்தில் நிறுத்தி உறங்க விடுங்கள். ஒரு மணி நேரம் பிந்துவது நஷ்டமல்ல.

நோயாளிகளுக்கும் சில வார்த்தைகள். 2005–2006 காலப்பகுதியில் நாடளாவிய ரீதியில் நடந்த ஓர் ஆய்வே, இலங்கையின் வளர்ந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது. சீனி வருத்தம் உள்ளவர்கள் மருந்தைப் பெரிய பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். இன்சுலினை வெயில் படும் இடத்தில் வைக்க வேண்டாம். மருந்தைப் போட்டுவிட்டு உணவைப் பிற்போடாதீர்கள். கை நடுங்கி வியர்த்தால் உடனே உண்ண ஒரு இனிப்பு பையில் இருக்கட்டும். வயிற்றோட்டம் ஏற்பட்டால் ஜீவனிப் பக்கற்றை அதில் குறிப்பிட்ட அளவு நீரில் கரைத்துக் குடியுங்கள். அது கிடைக்காவிட்டால் ஒரு லீற்றர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும், மட்டமாக அளந்து, கலந்து கொள்ளலாம். மலத்தில் இரத்தம் கண்டாலோ, பிள்ளை சோர்ந்து போனாலோ ஊர் போய்ச் சேரும் வரை காத்திராமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

பிரயாணங்களில் மேலானது ஹஜ் பிரயாணம். 2024 ஜூனில் நடைபெற்ற ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 50 பாகை செல்சியஸைத் தாண்டியது. 1,301 பேர் மரணித்ததாகவும், அவர்களில் 83 வீதமானோர் உரிய அனுமதி பெறாமல், நிழலும் ஓய்வுமின்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்றும் சவூதி அரசு அறிவித்தது. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக் கொள்வானாக! ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்திருப்போர் தாகம் எடுக்கும் வரை காத்திராமல் நீர் அருந்தவும், குடை பிடிக்கவும், வேளைக்கு உண்ணவும், ஓய்வெடுக்கவும் இப்போதே பழகிக் கொள்ளுங்கள். உடலை வருத்துவதே இபாதத்தாகாது.

இறுதியாகப் பெற்றோருக்கு ஒன்று. உணவுத் தட்டில் கை அங்குமிங்கும் அலைந்த சிறுவர் உமர் இப்னு அபீஸலமா (ரழி) அவர்களுக்கு, பிஸ்மில்லாஹ் சொல்லவும், வலக் கையால் உண்ணவும், தன் பக்கத்திலிருந்து உண்ணவும் நபியவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். அதன் பின்னர் தம் உண்ணும் முறை அதுவாகவே இருந்தது என்று அவர் பின்னாளில் கூறினார். பழக்கம் சிறு வயதில் பதிய வேண்டும். அடுத்த பிரயாணத்தில் பையைக் கட்டும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். நீர், பழம், சவர்க்காரத் துண்டு, மருந்து, குப்பை போட ஒரு பை என்று அவர்களே எண்ணி வைக்கட்டும். பாதையில் அசுத்தம் செய்வதை நபியவர்கள் கண்டித்துள்ளார்கள் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். நாம் எறியும் போத்தல் மழை வெள்ளத்தோடு வந்து சேர்வது நமது வாவிக்குத்தான்.

யா அல்லாஹ்! எங்கள் பிரயாணங்களை இலகுவாக்குவாயாக! எங்கள் உணவை ஹலாலானதாகவும் தூய்மையானதாகவும் ஆக்குவாயாக! புறப்பட்டவர்களைத் தேகாரோக்கியத்தோடு அவர்களது குடும்பத்தாரிடம் திருப்பிச் சேர்ப்பாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.