நாயும் தெள்ளும் உள்ளியும்



கண்டியில் மழை பிடித்துவிட்டால் இரண்டு முறைப்பாடுகளைத் தவறாது கேட்கலாம். ஒன்று, துணி காயவில்லை என்பது. மற்றொன்று, நாய்க்குத் தெள்ளுப் பிடித்துவிட்டது என்பது. இரண்டுக்கும் காரணம் ஈரமே. இன்று நான் பேச எண்ணுவது இரண்டாவதைப் பற்றி. அதிலும், குருதி நோயுற்ற நாயைத் தெள்ளினின்றும் காப்பது பற்றி. பாடசாலை அதிபருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் வியக்கலாம். பட்ட பாடுதான் என்னைப் பேச வைக்கின்றது.

எங்கள் வீட்டு நாய் வீரன் சென்ற ஐப்பசியில் திடீரெனச் சோர்ந்து படுத்தது. ஈறு வெளிறியிருந்தது, சிறுநீர் தேயிலைச் சாயம்போல் இறங்கிற்று. மிருக வைத்தியர் குருதியைச் சோதித்தார். நம் நாட்டில் உண்ணி பரப்பும் பபேசியா என்னும் கிருமியும் செங்குழியங்களை அழிக்கும் ஆதலால், முதலில் அதனைத் தேடினார். அது இல்லை. உடலைக் காக்கவேண்டிய நிர்ப்பீடன ஆற்றலே தன் செங்குழியங்களைப் பகையெனக் கொண்டு அழிக்கின்றது என்றார். காவற்காரனே கன்னமிட்ட கதைதான். சில நாய்களில் இவ்வழிவு குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுகளின்மேல் திரும்பும். அப்போது தோலிலும் ஈறிலும் செம்புள்ளிகள் தோன்றும். இரண்டிற்கும் அவ்வாற்றலை அடக்கும் பிரெட்னிசொலோன் போன்ற மருந்துகளே கொடுக்கப்படுகின்றன.

வீரன் மெல்லத் தேறி வருகையில் தெள்ளுப் பிடித்தது. குருதி குறைந்த உடலில் குருதி குடிக்கும் பூச்சி! கடையில் விற்கும் மருந்தைப் பூசவும் அஞ்சினேன். அயலிலுள்ள அன்பர் ஒருவர், “உள்ளியை இடித்துச் சோற்றிற் கலந்து கொடுங்கள், மாஸ்டர், இயற்கை மருந்து, ஒரு தீங்கும் வராது” என்றார். மூன்று நாள் கொடுத்தேன். நான்காம் நாள் வைத்தியர் இதனைக் கேட்டதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

உள்ளியிலும் வெங்காயத்திலும் உள்ள கந்தகச் சேர்வைகள் நாயின் செங்குழியங்களைத் தாக்கிச் சிதைக்க வல்லவை. 2000 ஆம் ஆண்டு யப்பானிய ஆய்வாளர் ஏழு நாள் உள்ளிச்சாறு ஊட்டிய நாய்களில் செங்குழியங்கள் குறைந்ததைக் கண்டனர். அவர்கள் கொடுத்தது பெரிய அளவுதான். நலமுள்ள நாய் சிறு பல்லொன்றைத் தாங்கிவிடலாம். ஆனால் செங்குழியம் ஏற்கெனவே அழிந்துகொண்டிருக்கும் நாய்க்கு, எரியும் வீட்டில் நெய் வார்ப்பதற்கு ஒப்பாகும் இது. உள்ளி தெள்ளை விரட்டும் என்பதற்கோ தக்க சான்றும் இல்லை. மலைநாட்டில் வீடுதோறும் இருக்கும் யூக்கலிப்டஸ் தைலமும் அவ்வாறே: நாய் தன் உடலை நக்கும் பிராணி, பூசியது வயிற்றுக்குள் போகும். மண்ணெண்ணெயைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

அப்படியாயின் இயற்கை வழி ஏதுமில்லையா? உண்டு. ஆனால் அது மருந்துச் சீசாவில் இல்லை, தும்புத்தடியில் இருக்கின்றது. நாயின்மேல் நாம் காணும் தெள்ளு மொத்தத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்துதான். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு நாற்பது முட்டை வரை இடும். அவை உதிர்ந்து, நாய் படுக்கும் சாக்கிலும் தரை வெடிப்பிலும் குடம்பியாகி, கூட்டுப்புழுவாகிக் காத்திருக்கின்றன. குடம்பி வெளிச்சத்துக்கு ஒளியும், உலர்ந்தால் மடியும். ஆகவே நாயின் விரிப்பை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து, வெயில் தலைகாட்டும் நாளில் நன்றாகக் காயவிடுங்கள். நாய் படுக்கும் மூலையை நாள்தோறும் கூட்டி, அக்குப்பையை வெளியே அகற்றுங்கள். கூட்டுப்புழு மாதக்கணக்கிற் காத்திருக்க வல்லது. ஒரு வாரத்தில் சலித்துவிடலாகாது. வீட்டிலுள்ள பூனையையும் மறவாதீர்கள்.

நாயின் உடலுக்கோ நெருங்கிய பல்லுடைய சீப்பே போதும். கழுத்தும் வாலடியும் பார்த்து மெதுவாக வாரி, அகப்படும் தெள்ளைச் சவர்க்கார நீரில் அமிழ்த்துங்கள். சிறுதட்டுக் குறைந்த நாயாயின் அழுத்தி வாராதீர்கள். கீறினால் குருதி நிற்காது. வேப்பிலை அவித்த நீர் பற்றிப் பலர் கேட்கின்றனர். யாழ்ப்பாணத்திலிருந்து என் தமக்கை அனுப்பிய இலை ஒரு பை நிறைய இருந்தது, வைத்தியரைக் கேட்டேன். அதனை நம்பி இருந்துவிட வேண்டாம் என்றார். குருதி நிலைபெற்றபின் வீரனுக்கு ஏற்ற தெள்ளு மருந்தொன்றை அவரே தேர்ந்து தந்தார். நான் அஞ்சிய மருந்தை அவர் கையால் வாங்கிப் பூசினேன்; நம்பிக் கொடுத்த உள்ளிக்காக இன்றும் வெட்கப்படுகின்றேன். கண்டிச் சுற்றுப்புறத்தில் உள்ளவர்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலையும் எட்டும் தூரத்தில் இருக்கின்றது. எங்கே சென்றாலும், நாய்க்குக் கொடுத்த கைமருந்து அனைத்தையும் மறையாது சொல்லிவிடுங்கள்.

வீரனின் மயிரிலிருந்து உதிரும் கரும்பொடியைச் சனிக்கிழமை தோறும் நனைந்த வெள்ளைத்தாளில் தட்டிப் பார்க்கின்றேன். தெள்ளின் எச்சமாயின் அது செந்நிறமாய்க் கரையும். அந்தச் சிவப்பு வீரனின் குருதியேயாகும். முதல் வாரம் தாள் முழுவதும் சிவந்தது. சென்ற சனிக்கிழமை இரண்டு புள்ளிகள் மட்டுமே.