கண்ணுக்குள் ஒரு கோட்டை மதில்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மருத்துவர் இல்லை. ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை. ஆனால் இருபத்தாறு வருடமாக இந்தத் தொல்லையோடு குடித்தனம் நடத்துகிறவள். நம் குடியிருப்பிலேயே மூன்று பேர் தனித்தனியாக என்னிடம் வந்து, "டீச்சர், கண்ணுக்குள்ள என்னமோ மின்னுது, வெளிய சொல்லவே பயமா இருக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் செயலாளர் கேட்டதும் ஒத்துக்கொண்டேன்.

முதலில், அது எப்படி இருக்கும்? நீங்கள் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு எழுத்தைக் காணவில்லை. கண்ணைக் கசக்கினாலும் வராது. சிறிது நேரத்தில் அந்த இடத்தில் ஒரு சின்ன மினுமினுப்பு. அது வளைந்து, பல்பல்லாகக் கோணல் கோடுகளோடு, மெல்ல ஓரத்தை நோக்கிப் பெரிதாகிக்கொண்டே போகும். இருபது, முப்பது நிமிடத்தில் பார்வையின் விளிம்பைத் தாண்டி மறைந்துவிடும். பிறகு பலருக்குத் தலைவலி, குமட்டல். சிலருக்குத் தலைவலியே வராது. வயதானவர்களுக்கு அப்படி ஆவது அதிகம்.

ஹியூபர்ட் ஏரி என்ற ஆங்கிலேய மருத்துவர் 1870-இல் தனக்கு வந்ததைத் தானே வரைந்து வெளியிட்டார். கோட்டை மதில் போல இருக்கிறது என்று கிரேக்க மொழியில் பெயரும் வைத்தார். கோட்டை என்றதும் நமக்கு நம்ம ஊர்க் கோட்டையின் மண் மதில்தான் ஞாபகம் வரும். இது அப்படி நேராக ஓடாது. மேலிருந்து பார்த்தால் முக்கு முக்காகத் தெரியும் ஐரோப்பியக் கோட்டை.

இது கண்ணில் நடப்பதில்லை. பின்மண்டையில், மூளையின் பார்வைப் பகுதியில் நடக்கிறது. 1941-இல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் தன் பார்வையில் அந்தக் கோடு நகர்வதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டே வந்து, மூளையில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் பரவுகிறது என்று கணக்குப் போட்டார். 1944-இல் பிரேசிலின் லியாவ் முயல் மூளையில் அதே மாதிரி மெதுவாகப் பரவும் ஓர் அலையைக் கண்டார். நரம்பணுக்கள் ஒரு கணம் கிளர்ந்து, பிறகு அடங்கிப்போகும் அலை. வயலில் மடையைத் திறந்தால் தண்ணீர் மெல்ல ஏறுமே, அப்படி.

இதில் நீங்கள் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. மின்னும்போது ஒரு கண்ணைப் பொத்திப் பாருங்கள், பிறகு மறு கண்ணை. இரண்டிலும் தெரிந்தால் மூளை சமாச்சாரம். ஒரு கண்ணில் மட்டும் என்றால், அதிலும் திரை இறங்கினது போலவோ, திடீரென்று கறுப்புப் புள்ளிகள் கூட்டமாகப் பறந்தாலோ, விழித்திரை பிய்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்று, வாதம். ஒற்றைத் தலைவலியின் மின்னல் மெல்லப் பரவும்; வாதம் சட்டென்று வரும். திடீரென்று பார்வை இருண்டது, வாய் கோணியது, கை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான். இங்கிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்குப் போகிற நேரமும் அந்தக் கணக்கில் சேரும். ஐம்பது வயதுக்கு மேல் முதல் முறையாக மின்னல் வந்தாலும், ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலும், மருத்துவரைப் பார்க்காமல் விடக்கூடாது.

இளம்பெண்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மின்னல் வருகிறவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். வாதம் வரும் அபாயம் கூடும். மாதவிடாய் சீராவதற்கென்று கொடுக்கப்படும் மாத்திரைகள் சிலவற்றிலும் அது இருக்கும். உங்களுக்கு இப்படி மின்னுகிறது என்று மருத்துவரிடம் நீங்களே சொன்னால்தான் அவருக்குத் தெரியும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

சரி, எது இதைத் தூண்டுகிறது? மேல்நாட்டுப் பட்டியல்களில் பாலாடைக்கட்டி, சிவப்பு ஒயின் என்று எழுதியிருப்பார்கள். நமக்கு அதுவா பிரச்சினை? மும்பை நரம்பியல் மருத்துவர் ரவிசங்கர் 2006-இல் ஒரு கட்டுரை எழுதினார். தலைக்குக் குளித்தால் ஒற்றைத் தலைவலி வருகிற 94 இந்திய நோயாளிகளைப் பற்றியது. படித்தபோது எனக்கு அப்பாடா என்றிருந்தது. வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றிவிட்டு ஈரத்தலையோடு, வெறும் வயிற்றோடு கோயிலுக்குப் போய்வந்து படுத்துவிடுகிற பெண்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! நான் இப்போது காலையில் சாப்பிட்ட பிறகுதான் தலைக்கு ஊற்றுகிறேன், கூந்தலை உடனே உலர்த்திவிடுகிறேன். அத்தை உயிரோடு இருந்திருந்தால் திட்டியிருப்பார்.

பட்டினியும் பெரிய தூண்டுதல். ஏகாதசி விரதம் இருப்பவர்கள் முழுப் பட்டினி கிடக்காமல் பாலும் பழமும் எடுத்துக்கொள்ளலாம்; தண்ணீரை விடவே கூடாது. முந்தின இரவு கண் விழிப்பதும், மறுநாள் பத்து மணிவரை தூங்குவதும் இரண்டுமே ஆகாது. இந்த மூளைக்கு மாறுதல் பிடிக்காது, அவ்வளவுதான்.

வெயில். கள்ளபிரான் கோயிலில் சித்திரையிலும் ஐப்பசியிலும் சூரிய ஒளி பெருமாள் மேல் விழுவதைக் காணக் கூட்டம் நிற்கும். என் மேல் விழுந்தால் நான் படுக்க வேண்டியதுதான். திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகும்போது மரங்களுக்கு நடுவே வெயிலும் நிழலும் படபடவென்று மாறுமே, அது இன்னும் மோசம். கண்ணை மூடிக்கொள்வேன், மூடினாலும் இமை வழியே தெரியும், அதனால் கையாலும் மறைத்துக்கொள்வேன். வண்டி ஓட்டுகிறவர்கள் மின்னல் தொடங்கியதும் ஓரமாக நிறுத்திவிடுங்கள். பைபாஸில் அரைப் பார்வையோடு ஓட்டுவது தைரியம் இல்லை. ஆனால் வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு திரியாதீர்கள். கண் இருட்டுக்குப் பழகி, கூச்சம் கூடும்.

ஒரு எச்சரிக்கை. எல்லாத் தூண்டுதலும் தூண்டுதல் அல்ல. வலி வருவதற்கு முந்தின நாளே சிலருக்குக் கொட்டாவியும் இனிப்பு ஆசையும் வரும். அல்வா சாப்பிட்டதால் வலி வந்தது என்று நினைப்போம். வலி ஏற்கெனவே கிளம்பிவிட்டதால் அல்வா கேட்டிருக்கும். அதனால் ஒரு நோட்டில் தேதி, தூக்கம், சாப்பாடு, மாதவிடாய், வலி எல்லாம் மூன்று மாதம் எழுதிப் பாருங்கள். மருத்துவருக்கும் அதுதான் பயன்படும்.

மாத்திரையை மருந்துக்கடைக்காரரிடம் கேட்டு விழுங்குவது நம் பழக்கம். சாதாரண வலிமாத்திரையை மாதத்தில் 15 நாளும், பல மருந்து கலந்த மாத்திரையை 10 நாளும் சாப்பிட ஆரம்பித்தால், மாத்திரையே தினசரித் தலைவலியைக் கொண்டுவரும். அடிக்கடி வருகிறவர்களுக்கு வராமல் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. புரோப்ரனோலால் அதில் ஒன்று. ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஆகாது என்பதால் அடுத்த வீட்டு மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு என் கோரிக்கைகள். இரண்டாம் மாடிப் படிக்கட்டு டியூப்லைட் மூன்று வாரமாகச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது, அதை மாற்றுங்கள். லிஃப்டுக்குள் ஊதுபத்தி ஏற்ற வேண்டாம், சாமி படத்துக்குப் பூ போதும். மார்கழியில் மொட்டை மாடியில் போடும் சீரியல் லைட்டை விட்டுவிட்டு எரியாமல் ஒரே சீராக எரிய விடுங்கள். பக்கத்து வீட்டில் பகலிலேயே கதவும் சன்னலும் அடைத்துக் கிடந்தால், "என்ன, மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருக்கா" என்று நினைக்காமல், சத்தமில்லாமல் ஒரு சொம்பு மோர் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். மைக்கை மட்டும் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.